பென் டிரைவைக் கண்டுகொள்ளாத டெஸ்க்டாப்

18 அக்டோபர் 2025, சனி

தீபாவளிக்கு அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கே இருக்கும் டெஸ்க்டாப் மூன்றாம் தலைமுறை ஐ3, எச்61 போர்டு, 4 ஜிபி ராம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இதில் முறைப்படி ஏறாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நன்றாக ஓடும் பெட்டியை அதற்காகக் காயலான் கடையில் போட எனக்கு மனசு வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் மின்ட் 22.2, அதில் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடலாம் என்றேன். 2029 வரை அப்டேட் வரும். அக்காவும் சரி என்றாள்.

என் லேப்டாப்புக்காக ரூஃபஸில் (இன்ஸ்டால் பென் டிரைவ் தயாரிக்கும் மென்பொருள்) மின்ட்டை எழுதிய பென் டிரைவ் கையிலேயே இருந்தது. சிபியு பெட்டியின் முன்பக்கம் செருகி, எஃப்12 தட்டினால் பூட் மெனுவில் ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ் மட்டும். பென் டிரைவின் பெயரே இல்லை. பின்பக்க நீல போர்ட்டிலும் அதே கதை.

இரவு லேப்டாப்பில் செருகிப் பார்த்தேன், உடனே மின்ட் வந்துவிட்டது. ஆக, கோப்பு கெட்டுப்போகவில்லை. சந்தேகம் இனி டெஸ்க்டாப் பக்கம்தான்.

19 அக்டோபர், ஞாயிறு

காலையில் பெட்டியைத் திருப்பி, தூசியைத் துடைத்து, பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். நீல போர்ட் இரண்டு, கறுப்பு நான்கு. எச்61 சிப்செட்டில் யூஎஸ்பி 3.0 கிடையாது. போர்டு தயாரித்தவர்கள் தனியாக ஒரு சிப் வைத்துத்தான் அந்த நீல போர்ட்டுகளைக் கொடுத்திருப்பார்கள். விண்டோஸ் வந்து டிரைவர் ஏறிய பிறகு அவை வேலை செய்யும். அதற்கு முன்னால், ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் மென்பொருளுக்கு அவை தெரியாமல் போகலாம். முன்பக்க போர்ட் உள்ளே வயர் வழியாகப் போகிறது, பழைய பெட்டிகளில் அதையும் நம்ப முடியாது. பென் டிரைவைப் பின்பக்கக் கறுப்பு போர்ட்டில், கீபோர்டுக்குப் பக்கத்தில் செருகினேன். மெனுவில் பெயர் வந்துவிட்டது.

என்டர் தட்டியதும் கறுப்புத் திரையில் ஒரு செய்தி: இந்த டிரைவ் யூஇஎஃப்ஐ முறையில் மட்டுமே பூட் ஆகும், நீங்கள் பழைய பயாஸ் முறையில் முயல்கிறீர்கள். ரூஃபஸே எழுதி வைக்கும் செய்தி இது. யூஇஎஃப்ஐ என்பது பயாஸுக்குப் பின் வந்த புது முறை. எனக்கு இது பெரிய உதவி. வெறும் கர்சர் மட்டும் துடித்திருந்தால் இன்னும் அரை நாள் போயிருக்கும். லேப்டாப்பில் ஓடியதற்கும் இங்கே ஓடாததற்கும் காரணம் இதில் இருக்கிறது. லேப்டாப் யூஇஎஃப்ஐ, அது ஜிபிடி என்ற புது பார்ட்டிஷன் முறையில் எழுதிய டிரைவில் இஎஃப்ஐ ஃபோல்டரைத் தேடி, பூட் கோப்பை எடுத்துக்கொள்ளும். பழைய பயாஸுக்கு அந்த ஃபோல்டரெல்லாம் தெரியாது. டிரைவின் முதல் செக்டாரைப் படித்து, அங்கே இருப்பதை ஓட்டும், அவ்வளவுதான். இந்த போர்டின் மெனுவில் யூஇஎஃப்ஐ என்று தொடங்கும் வரி ஒன்றுகூட இல்லை.

அதே ஐஎஸ்ஓவை (மின்ட்டின் இன்ஸ்டால் கோப்பு), பார்ட்டிஷன் முறையைப் பழைய எம்பிஆர் என்று மாற்றி மறுபடி எழுதினேன். கறுப்பு போர்ட், எஃப்12, மின்ட் திரை வந்தது! இன்ஸ்டால் பண்ணவில்லை. பென் டிரைவிலிருந்தே லைவாக ஓடவிட்டு, அக்காவின் போட்டோக்களை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்தேன். இந்த வேலை முடியாமல் யாரும் இன்ஸ்டால் பொத்தானைத் தொடக் கூடாது.

20 அக்டோபர், திங்கள், தீபாவளி

பட்டாசு, பலகாரம். மத்தியானம் ஆன் செய்தால் சிமாஸ் செக்சம் எரர், எஃப்1 தட்டு என்கிறது. தேதி 2012க்குப் போயிருக்கிறது, பூட் வரிசையில் நேற்று யூஎஸ்பியை முதலில் வைத்ததும் அழிந்திருக்கிறது. “மாமா, ரொம்ப நாளா இப்படித்தான். பாதி வெப்சைட் திறக்காது” என்றான் பையன். ராத்திரி யூபிஎஸ்ஸை அணைப்பார்களாம். மின்சாரம் இல்லாதபோது தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பாற்றும், போர்டில் இருக்கும் சிஆர்2032 செல் தீர்ந்துவிட்டது. தேதி தப்பாக இருந்தால் வெப்சைட்டின் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் நிறுத்திவிடும். மின்ட் அப்டேட்டும் தகராறு செய்யும். செல் மாற்றிவிட்டுத்தான் இன்ஸ்டால். இன்று கடை இல்லை.

21 அக்டோபர், செவ்வாய்

வாட்ச் கடையில் செல் கிடைத்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் பக்கவாட்டுக் கொக்கியை நகத்தால் தள்ளினால் பழையது துள்ளி வெளியே வரும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வைத்தேன். தேதியைத் திருத்தி, அரை மணி நேரம் மின்சாரம் இல்லாமல் விட்டுப் பார்த்தேன். தேதி மாறாமல் நின்றது.

சாயங்காலத்துக்குள் இன்ஸ்டால் முடிந்து, தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்தாயிற்று. பிரிண்டரை இன்னும் செருகிப் பார்க்கவில்லை, அது நாளைக்கு.