பிடி

நவம்பர் 2, 2024, சனி

மகளுக்கு இன்று எட்டாவது ஸ்கேட்டிங் வகுப்பு. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் இந்த சிம்ஸ்பரியின் ஐஸ் அரங்கில் அத்தை இரண்டு ஸ்வெட்டரும் அதற்கு மேல் சால்வையும் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பேத்தி விழும்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுகிறார்கள்.

பூட்ஸைக் கழற்றிக்கொண்டே மகள் சொன்னாள்: "அம்மா, கத்யா, செர்கேன்னு ரெண்டு பேர் இதே ஐஸ்லதான் பிராக்டிஸ் பண்ணுவாங்களாம். ரெண்டு ஒலிம்பிக் கோல்டாம். கோச் சொன்னாங்க."

வீட்டுக்கு வந்து தேடினேன். எகாதெரினா கோர்தேயெவா (கத்யா என்பது அவள் செல்லப் பெயர்), செர்கே கிரின்கோவ். மாஸ்கோக்காரர்கள். 1994-இல் இந்த அரங்கம் திறந்த சமயத்தில் இங்கே குடிவந்திருக்கிறார்கள். நான் காய்கறி வாங்கப் போகும் அதே தெருக்களில் அவர்களும் ஒரு காலத்தில் போய்வந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

நவம்பர் 3, ஞாயிறு

இரவு எல்லோரும் தூங்கிய பிறகு 1988 கால்கரி ஒலிம்பிக் காணொளியைப் பார்த்தேன். நான்கு முறை.

கத்யாவுக்கு அப்போது 16 வயது, செர்கேக்கு 21. அவளுக்கு ஐந்தடி உயரம்கூட இல்லை. அவர் தோளுக்கும் எட்டமாட்டாள். இப்படி ஒரு ஜோடியைப் பார்த்தால் சின்னப் பெண்ணைத் தூக்கிப் போட்டு வித்தை காட்டப்போகிறார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் என் கண் போனது தூக்கும் இடங்களுக்கு அல்ல. சும்மா சறுக்கிக்கொண்டு போகும் இடங்களுக்கு. அவர் ஒரு எட்டு வைத்தால் அவளுக்கு ஒன்றரை எட்டு வேண்டும். அப்படியிருந்தும் இரண்டு பேர் முழங்காலும் ஒரே நொடியில் மடங்குகிறது, ஒரே நொடியில் நிமிர்கிறது. தள்ளித் தள்ளி நின்று சுழலும்போதும் அப்படித்தான். இவள் முகம் நம் பக்கம் திரும்பும்போது அவர் முகமும் திரும்புகிறது.

கத்யாவின் அப்பா ஒரு நடனக் குழுவில் ஆடியவர். அம்மா சோவியத் செய்தி நிறுவனமான டாஸில் டெலிடைப் என்ற செய்தித் தந்தி எந்திரத்தை இயக்குபவர். செர்கேயின் அப்பா அம்மா இருவருமே போலீஸ் வேலை. குழந்தைகள் இரண்டு பேரும் ராணுவத்தின் விளையாட்டுக் கழகமான சிஎஸ்கேஏ-வில் தனித்தனியாகப் பயிற்சி பெற்றவர்கள். தனி ஆட்டத்துக்குக் குதிப்பு போதவில்லை என்று 1980-களின் தொடக்கத்தில் விளாதிமிர் சகாரோவ் என்ற பயிற்சியாளர் இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டார். போதாது என்று ஒதுக்கப்பட்டவர்கள்! 1986-இல் ஜெனீவாவில் உலகப் பட்டம் வென்றபோது அவளுக்கு 14 வயதுதான்.

1964 முதல் 2006 வரை ஒலிம்பிக் ஜோடி ஆட்டத்தில் தங்கம் வேறு நாட்டுக்குப் போனதே இல்லை. சோவியத், அது உடைந்ததும் 1992-இல் முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டு அணி, பிறகு ரஷ்யா. (2002-இல் மட்டும் கனடாவோடு பகிர்ந்துகொண்டார்கள்.) அவ்வளவு பெரிய வரிசையில் இவர்கள் ஒரு ஜோடி. ஆனால் பார்த்தவர்கள் இவர்களைப் பற்றி மட்டும் தனியாகப் பேசுகிறார்கள். காரணம் எனக்கு இப்போது கொஞ்சம் புரிகிறது.

நவம்பர் 9, சனி

மகள் இன்று பின்பக்கமாகச் சறுக்கக் கற்றுக்கொண்டாள். மூன்று முறை விழுந்தாள். அத்தை மூன்றாவது முறை எழவில்லை, பழகிவிட்டது.

1987-ஐப் பற்றி நிறைய படித்தேன். அந்த வருடம் எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது.

பிப்ரவரியில் சரயேவோவில் ஐரோப்பியப் போட்டி. ஆட்டத்தின் நடுவே செர்கேயின் பூட்ஸ் பட்டை அறுந்து தொங்குகிறது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்கிறார். இசையும் நின்றுவிடுகிறது. இவர்கள் நிற்கவில்லை. சத்தமே இல்லாத அரங்கில் ஆட்டத்தைக் கடைசிவரை ஆடி முடித்திருக்கிறார்கள். மறுபடி ஆடவில்லை, அதனால் போட்டியிலிருந்தே விலக்கப்பட்டார்கள். விதி என்றால் விதிதான், நடுவர்மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இசையில்லாமலும் இருவரும் ஒரே தாளத்தில் ஆடியிருக்கிறார்களே! தாளம் அதுவரை எங்கேயிருந்து வந்துகொண்டிருந்தது என்பது அந்த அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

ஒரே மாதம் கழித்து சின்சினாட்டியில் உலகப் பட்டம் இவர்களுக்கே. அங்கே நான்கு சுற்று ட்விஸ்ட் செய்தார்கள். அவளை மேலே எறிகிறார், அவள் காற்றில் நான்கு முறை சுழன்று அவர் கையில் வந்து இறங்குகிறாள். இன்றைக்கும் மிகச் சில ஜோடிகளே தொடும் வித்தை அது.

அதே வருடம் நவம்பர் மாதம், பயிற்சியில், தலைக்கு மேல் அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போது செர்கேயின் பிளேடு ஐஸில் மாட்டிக்கொண்டது. அவ்வளவு உயரத்திலிருந்து கத்யா நெற்றி பட விழுந்தாள். மூளை அதிர்ச்சி, ஆஸ்பத்திரி. ஒலிம்பிக்குக்கு மூன்று மாதம்கூட இல்லை.

அதற்குப் பிறகு செர்கே தன்னைப் பிடிக்கிற விதமே மாறிவிட்டது என்று கத்யா பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதைப் படித்த பிறகு கால்கரி ஆட்டத்தை ஐந்தாவது முறையாகப் பார்த்தேன். இறக்கிவிடும் இடங்களை மட்டும். கால் ஐஸைத் தொட்டு அவள் நிலைகொண்ட பிறகும் அவர் கை உடனே விலகுவதில்லை. ஒரு கணம் இருந்துவிட்டுத்தான் போகிறது.

நவம்பர் 14, வியாழன்

1994 லில்லிஹாமர் ஒலிம்பிக். ஜோடி ஆட்டம் நடந்தது பக்கத்து ஊரான ஹமாரில்.

இடையில் எவ்வளவோ ஆகிவிட்டது. இன்னும் இரண்டு உலகப் பட்டம், 1989-இலும் 1990-இலும். பிறகு தொழில்முறை ஆட்டக்காரர்களாகி அமெரிக்கா முழுக்கச் சுற்றுப்பயணம். 1991 ஏப்ரலில் கல்யாணம். அந்த வருடக் கடைசியில் அவர்கள் பிறந்த நாடே இல்லாமல் போனது. 1992 செப்டம்பரில் மகள் தாரியா நியூஜெர்சியில் பிறந்தாள். தொழில்முறை ஆட்டக்காரர்களும் ஒலிம்பிக்குக்குத் திரும்பலாம் என்று விதி தளர்ந்தபோது, ரஷ்யக் கொடியின் கீழ் திரும்பி வந்தார்கள்.

மரினா சூயெவா அமைத்த ஆட்டம், பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டா. சின்ன வயதிலிருந்து இவர்களை அறிந்தவர் சூயெவா. கால்கரியில் பார்த்த சிறுமி இதில் இல்லை. இவள் ஒரு பிள்ளையைப் பெற்றவள், பக்கத்தில் இருப்பவர் இவளைக் கைப்பிடித்தவர்.

பிழையில்லாத ஆட்டம் அல்ல. இரண்டு சுற்று சுழல வேண்டிய ஒரு குதிப்பு செர்கேக்கு ஒரு சுற்றோடு முடிந்துபோனது. 1992-இல் தங்கம் வென்ற மிஷ்குத்யோனோக், திமித்ரியெவ் ஜோடியும் அன்று பிரமாதமாக ஆடினார்கள். அவர்களுக்குத்தான் தங்கம் போயிருக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. நான் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். அவர்கள் ஆட்டத்தில் நாடகம் அதிகம், பாய்ச்சல் அதிகம். இவர்கள் ஆட்டத்தில் பிளேடு சத்தம்கூடக் கேட்பதில்லை. என் ஓட்டு இவர்களுக்குத்தான்.

நவம்பர் 20, புதன்

இன்றோடு 29 வருடம்.

1995 நவம்பர் 20. இங்கிருந்து சில மணிநேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் லேக் பிளாசிட். அடுத்த சுற்றுப்பயணத்துக்கான ஒத்திகை. சூயெவா அருகில் நிற்கிறார். இசையமைப்பாளர் க்ரீக்கின் இசை ஓடிக்கொண்டிருக்கிறது. ஓர் இடத்தில் செர்கேயின் கை கத்யாவின் இடுப்பைச் சுற்றி வரவேண்டும். வரவில்லை. அவருக்கு முதுகுவலி உண்டு, அதுதான் போலிருக்கிறது என்று அவள் நினைத்திருக்கிறாள். அவர் மெல்ல முழங்கால் மடங்கி, ஐஸில் படுத்துவிட்டார்.

மாரடைப்பு. வயது 28. உலகத்திலேயே உடல் வலு மிகுந்தவர்களில் ஒருவர். பரிசோதனையில் இதய ரத்தக்குழாய்கள் கடுமையாக அடைத்திருந்தது தெரிந்தது. அவருடைய அப்பாவும் ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே மாரடைப்பில் போனவர். பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் செர்கேயின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகச் செய்யும் பிஎல்ஏ2 என்ற மரபணு வகை அவருக்கு இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மாஸ்கோவில் வகன்கோவோ மயானத்தில் அடக்கம் செய்தார்கள். கத்யாவுக்கு 24 வயது. தாரியாவுக்கு மூன்று.

இரவு சாப்பிடும்போது இதை இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். மாமாவும் 38 வயதில் நெஞ்சுவலியில்தான் போனார்கள். அப்போது இவருக்கு மூன்று வயது. இப்போது இவருக்கு 41. அத்தை எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டார்கள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 22, வெள்ளி

இவர் தானாகவே டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டார். டிசம்பர் 11. மூன்று வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்தது. குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் என்று கேட்கும் படிவத்தை அத்தையிடம் கேட்டுக் கேட்டு நிரப்பினார். அத்தை நாள், நட்சத்திரம், மணி எல்லாம் சொன்னார்கள்.

நவம்பர் 30, சனி

விடுமுறை வாரம் என்பதால் வகுப்பு இல்லை. மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். செர்கேயின் நினைவாகப் பக்கத்து நகரமான ஹார்ட்ஃபோர்டில் நடந்த நிகழ்ச்சியை நான் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை கீரையும் தட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

1996 பிப்ரவரி 27. நான் தினமும் அலுவலகத்துக்குக் கடந்துபோகும் அரங்கம். ஸ்காட் ஹாமில்டன், கிறிஸ்டி யமகுச்சி, பால் வைலி என்று நண்பர்கள் எல்லோரும் செர்கேக்காக ஆடினார்கள். பிறகு கத்யா. பத்து வருடத்துக்கும் மேலாக ஒருவர் கையைப் பிடித்தே ஆடியவள், முதல்முறையாகத் தனியாக. இசை, இசையமைப்பாளர் மாலரின் ஐந்தாம் சிம்பொனியிலிருந்து. ஆட்டத்தை அமைத்தவர் சூயெவாதான்.

நான் எதிர்பார்த்தது ஒரு பெண் அழுவாள் என்று. அவள் ஆடினாள். கையை நீட்டுகிறாள், அது போய்ச் சேரும் இடத்தில் ஆள் இல்லை. ஆனால் அந்த இடத்தை அவள் நிரப்பவில்லை. தனியாக ஆடுகிறவர்கள் மேடை முழுக்கத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்வார்கள் இல்லையா? இவள் பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டே சறுக்குகிறாள். முடிந்ததும் மைக்கில் சொன்னாள், இன்று நான் தனியாக ஆடவில்லை, செர்கேயுடன்தான் ஆடினேன் என்று.

அத்தைக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டார்கள்.

"அந்தப் பிள்ளைக்கு அப்பா முகம் ஞாபகம் இருக்குமா?"

"மூணு வயசு அத்தை. இருக்காதுன்னு நினைக்கேன்."

"இவனுக்கும் இல்ல. எங்க கல்யாண போட்டோ ஒண்ணுதான். அதுலயும் தலையைக் குனிஞ்சிட்டு இருப்பாவ."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு 13 வருடம் ஆகிறது. மாமாவைப் பற்றி அத்தை தாமாகச் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

"இந்தப் பிள்ளைக்குப் பாக்கதுக்கு இவ்வளவு இருக்கு, பரவால்ல" என்றார்கள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். "அந்தத் தம்பி இருக்கதைப் போடு. முதல்ல இருந்து."

கால்கரியைப் போட்டேன்.