ஐப்பசி முதல் வைகாசி வரை: உளவியல் மேற்படிப்பு விண்ணப்பக் குறிப்புகள்

அக்டோபர் 29

அடைமழை பிடிப்பதற்குள் எங்கெங்கே விண்ணப்பிப்பது என்ற பட்டியல் முடிந்துவிட வேண்டும். பி.எஸ்சி. மூன்றாம் வருடப் பிள்ளைகள் கொண்டுவருவதில் பதினைந்து பெயர் இருக்கும். பாதிப் பெயர் எதற்கென்று கேட்டால் பதில் வராது.

முதல் கேள்வி: மனநலச் சிகிச்சை தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகத்தான் வேண்டுமா? ஆம் என்றால் வெறும் எம்.எஸ்சி. சைக்காலஜி போதாது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு வேண்டும். அதற்கு அவர்கள் அங்கீகரித்த படிப்பு வேண்டும். எம்.பில். இருந்த இடத்தில் புதிய படிப்புகள் வந்துகொண்டிருக்கும் காலம் இது. சீனியர் சொன்னதை விட்டுவிட்டு ஆர்.சி.ஐ. இணையதளத்தைத் திறந்து பார்ப்பதே சரி.

நீலக்குடியில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் பொது நுழைவுத் தேர்வான கியூட் பி.ஜி.தான் வாசல். அமெரிக்க பிஎச்.டி. கேட்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஏ.பி.ஏ., அதாவது அமெரிக்க உளவியல் சங்கத்தின், அங்கீகாரம் பெற்ற துறைகளில் பல, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்ற எண்ணிக்கையைத் தங்கள் இணையதளத்தில் வெளியிடுகின்றன. அதைப் பார்த்த பிறகு பட்டியல் தானாகச் சுருங்கும். பயம் அன்றைக்குக் கொஞ்சம் கூடும்தான். இருந்தாலும் அளவு தெரிந்த பயம் பரவாயில்லை.

நவம்பர் 6

ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்க அறிக்கையின் வரைவுகள் வருகின்றன. ‘சிறு வயது முதலே மனித மனம் என்னை ஈர்த்தது’ என்று தொடங்கினால் அடித்துவிடலாம். படிப்பவர் தேடுவது செய்த வேலையை. பி.எஸ்சி. புராஜெக்டில் நடவுக்குப் போகும் பெண்களிடம் பி.எஸ்.எஸ்.-10 மன அழுத்த அளவுகோலைக் கேட்டிருந்தால் அதைப் பிரித்து எழுதலாம்: பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 40. இதில் 4, 5, 7, 8ஆம் கேள்விகளைத் திருப்பி (0க்கு 4, 4க்கு 0 என்று) மதிப்பிட வேண்டும். அதை மறந்து கூட்டினால், ‘எல்லாம் கைக்குள் இருக்கிறது’ என்று சொன்னவருக்கும் அழுத்தம் அதிகம் என்று விடை வரும். அந்தப் பிழையை எப்படிக் கண்டுபிடித்தோம், எப்படித் திருத்தினோம் என்ற நாலு வரிக்கு இருக்கும் மதிப்பு இரண்டு பக்க ஆர்வத்துக்குக் கிடையாது.

நவம்பர் 15

பரிந்துரைக் கடிதம். அமெரிக்காவுக்குப் பெரும்பாலும் மூன்று. இந்தப் பருவத்தில் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான், ஏனென்றால் வேலை நம்முடையது, கை வேறொருவருடையது. “மேடம், ஞாபகம் இருக்கா?” என்று மட்டும் கேட்டால் “எழுதிடறேன்பா” என்ற பதிலோடு முடிந்துவிடும். கடைசித் தேதி, மதிப்பெண் பட்டியல், புராஜெக்டின் ஒரு பக்கச் சுருக்கம் மூன்றையும் ஒரே மெயிலில் ஆறு வாரம் முன்பே அனுப்பவும். இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு நினைவூட்டல், நாலு நாள் இருக்கும்போது இன்னொன்று. விண்ணப்பத்தளம் அனுப்பும் லிங்க் ஸ்பாமில் கிடக்கும். போனில் சொல்லித் தேடச் சொல்ல வேண்டும். பேராசிரியருக்குக் கல்லூரி மெயில் முகவரி உண்டா என்பதையும் கேட்டுவைக்கவும். தனிப்பட்ட ஜிமெயிலைச் சில தளங்கள் சந்தேகமாகப் பார்க்கும்.

நவம்பர் 30

புயல் எச்சரிக்கை, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. டிசம்பர் 1 இரவு 11:59 என்று போட்டிருந்தால், நியூயார்க் நேரப்படி நமக்கு டிசம்பர் 2 காலை 10:29. கலிபோர்னியா என்றால் மதியம் 1:29. இந்தக் கூடுதல் நேரத்தை நம்பி உட்காராமல் இன்றே அனுப்பிவிடுவது மேல்.

ஜனவரி 4

கியூட் படிவம். நம்மூர் இன்ஷியல்தான் முதல் தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். கவிதா’, ஆதாரில் ‘கவிதா செல்வம்’. படிவத்தில் சான்றிதழில் உள்ளபடியே போட்டு, ஆதாரைத் திருத்த இப்போதே வரிசையில் நிற்கவும். அமெரிக்க விண்ணப்பத்துக்கான ஜி.ஆர்.இ. தேர்வுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி.

மார்ச் 2

கியூட் தேர்வில் 75 கேள்வி, 90 நிமிடம்: ஒரு கேள்விக்கு 72 விநாடி. சரிக்கு +4, தவறுக்கு −1. மைனஸ் என்றதும் பயந்து பத்துப் பதினைந்தை விட்டுவிட்டு வருகிறார்கள். நாலு விடையில் கண்ணை மூடிக் குறித்தாலும் சராசரி லாபம் கேள்விக்கு 0.25. ஒன்றைத் தள்ளிவிட்டால் 0.67, இரண்டைத் தள்ளிவிட்டால் 1.5. ஆக, ஒரு விடையையாவது தள்ள முடிகிற கேள்வியை விடவே கூடாது.

ஏப்ரல் 2

புது நிதியாண்டு. ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் புதிதாக எடுக்க வேண்டும். நிரந்தரச் சாதிச் சான்றிதழ் இருக்கிறதே என்று நினைத்துச் சேர்க்கையன்று தவிப்பவர்கள் வருடா வருடம் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகம் கேட்பது மத்திய அரசுப் படிவத்தில் உள்ள, கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற சான்று. இ-சேவையில் போட்டால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போகும். பெற்றோர் வருமான வரம்பு வருடம் 8 லட்சம்; சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. நெல் விற்ற பணத்தைக் கூட்டி, ‘நாங்க தகுதியில்லை’ என்று தாங்களாகவே ஒதுங்கிவிடும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. ஆனால் நிலத்தின் அளவுக்குத் தனி வரம்பு உண்டு. அரசுப் பணியில் இருந்தால் பதவி நிலையைப் பார்ப்பார்கள்.

ஏப்ரல் 15

உதவித்தொகையோடு இடம் தந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பலவற்றுக்கு இன்றுதான் பதில் சொல்லக் கடைசி நாள். காத்திருப்புப் பட்டியல் இன்று மாலைவரை நகரும். கையில் இரண்டு இடம் இருந்தால் ஒன்றை முன்பே விட்டுக்கொடுப்பது நாகரிகம். யாரோ ஒருவர் அதற்காக விழித்துக்கொண்டிருக்கிறார்.

‘டென்ஷன் ஆகாதே’ என்று வீட்டில் சொல்வதால் பயனில்லை. கலிபோர்னியாவில் வழக்கறிஞர் தேர்வு எழுதி நாலு மாதம் காத்திருந்தவர்களை கேட் ஸ்வீனி குழு ஆராய்ந்தது (2016). கவலையை அடக்க எடுத்த முயற்சிகள் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. கவலைப்பட்டுக்கொண்டே காத்திருந்தவர்கள், கெட்ட செய்தி வந்தபோது அதை நன்றாகவே சமாளித்தார்கள். மேட்டூர் நீர்மட்டத்தைப் பேப்பரில் ஒருமுறை பார்ப்பதுபோல் விண்ணப்பத்தளத்தையும் நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இரண்டு வாரமாகத் தூக்கமோ சாப்பாடோ இல்லையென்றால் அது வேறு. அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி மனாஸ், 14416. தமிழிலேயே பேசலாம்.

மே 20

கியூட் மதிப்பெண் வந்துவிட்டது. அது தானாகப் பல்கலைக்கழகத்துக்குப் போய் இடம் பிடித்துத் தராது. நீலக்குடிக்குத் தனிப் பதிவு, புதுச்சேரிக்குத் தனிப் பதிவு. இரண்டுக்கும் கடைசித் தேதி வேறு. நல்ல மதிப்பெண் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். காலெண்டரில் இரண்டு தேதியையும் சிவப்பில் வட்டமிட்டாயிற்று.