ஹராரேயில் வரைந்த கோடும் கொட்டியாரக் குடாவும்

1993ஆம் ஆண்டில் பிரசவ அறையில் வேலை பழகத் தொடங்கிய முதல் நாளன்று, எங்களுக்குப் பயிற்சியளித்த மூத்த மருத்துவ மாது ஒரு தாளைக் கையில் தந்து, "இதிலே ரெண்டு சாய்கோடு கிடக்கு பிள்ளை. முதல் கோட்டைத் தாண்டினால் ஆரிட்டயும் கேட்டுக்கொண்டு நிக்காமல் அம்புலன்சுக்குச் சொல்லு" என்றார். அந்தத் தாள்தான் பார்ட்டோகிராம். கருப்பைவாய் எத்தனை சென்ரிமீற்றர் திறந்திருக்கிறது என்பதை நிலைக்குத்தாகவும், சென்ற மணித்தியாலங்களைக் கிடையாகவும் குறித்துக்கொண்டு போகும் வரைபடம் அது. குழந்தையின் இதயத்துடிப்பு, பன்னீர்க்குடத்து நீரின் நிறம், நோவின் பலம், தாயின் நாடி, குருதியமுக்கம் எல்லாம் அதே தாளில் அடங்கும். அடுத்த டியூட்டிக்கு வருகிறவர் ஒரு பக்கத்தைப் பார்த்தவுடனேயே அந்தத் தாயின் இரவு முழுவதையும் அறிந்துகொள்ளலாம்.

ஏறத்தாழ 30 ஆண்டுகள் அந்தத் தாளை நிரப்பியிருக்கிறேன். அது எங்கே பிறந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இலண்டனிலோ அமெரிக்காவிலோ ஒரு பெரிய வைத்தியசாலையில் உருவாகியிருக்கும் என்றே நினைத்திருந்தேன். ஓய்வுபெற்றுத் திருகோணமலையில் வீட்டோடு இருக்கும் இந்நாட்களில், ஆபிரிக்காவின் தென்பகுதியில் தாய்சேய் நலம் குறித்து நடந்த ஆய்வுகளைத் தேடி வாசிக்கத் தொடங்கியபோதுதான், அந்த இரண்டு கோடுகளும் முதன்முதலில் வரையப்பட்ட இடம் இன்றைய சிம்பாப்வேயின் ஹராரே என்று அறிந்தேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பிரசவத்தின் போக்கை வரைபடமாக்கலாம் என்று 1954இல் காட்டியவர் நியூயோர்க்கில் பணிபுரிந்த இமானுவேல் பிரீட்மன். ஆனால் அவருடைய வளைகோட்டை வாசித்து முடிவெடுக்கக் கட்டிலருகே வைத்தியர் ஒருவர் இருக்க வேண்டும். அப்படி வைத்தியர் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்வியைத்தான் ஹராரேயில் பணிபுரிந்த வைத்தியர் ஹியூ பில்பொட்டும் அவருடன் ஆய்வு செய்த காசிலும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய கட்டுரைகள் 1972இல் வெளிவந்தன. அப்போது அந்நாட்டின் பெயர் ரொடீசியா, தலைநகரின் பெயர் சாலிஸ்பரி, ஆட்சி சிறுபான்மை வெள்ளையரின் கையில். ஹராரே என்பது அன்று அந்நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த குடியிருப்பின் பெயர். வைத்தியசாலைக்கும் அதே பெயர்தான். சுற்றியிருந்த கிளினிக்குகளில் பிரசவம் பார்த்தவர்கள் மருத்துவ மாதுக்கள். சத்திரசிகிச்சைக் கூடமும் வைத்தியர்களும் மத்திய வைத்தியசாலையில் மட்டுமே இருந்தன. சிறுவயதில் போதிய உணவில்லாமல் வளர்ந்த பெண்ணின் இடுப்பெலும்பு ஒடுங்கியிருந்தால், குழந்தையின் தலை இறங்க இடமில்லாமல் நோவு ஒரு நாள், இரண்டு நாள் என்று நீளும். கருப்பை கிழிந்து தாய் இறப்பாள். அல்லது குழந்தை இறந்து, தாய் சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்து ஆயுள் முழுவதும் ஒழுக்கோடு வாழ்வாள். அப்படி வாழ்கிறவளை ஊர் எப்படி ஒதுக்கி வைக்கும் என்பது நமக்கும் தெரியாததல்ல.

அவர்கள் செய்தது மிக எளிமையான காரியம். முதற்பிரசவத் தாய்மாரில் கருப்பைவாய் மிக மெதுவாகத் திறந்த 10 சதவீதத்தினரின் வேகத்தை எடுத்து, மணித்தியாலத்துக்கு 1 சென்ரிமீற்றர் என்ற கணக்கில் ஒரு சாய்கோடு வரைந்தார்கள். அது எச்சரிக்கைக் கோடு. அதற்கு 4 மணித்தியாலம் வலப்பக்கமாகத் தள்ளி, அதே சாய்வில் இன்னொரு கோடு. அது நடவடிக்கைக் கோடு. கிளினிக்கில் இருக்கும் தாய் முதற்கோட்டைத் தாண்டினால் மத்திய வைத்தியசாலைக்கு அனுப்பப்பட வேண்டும். இரண்டாவது கோட்டை எட்டுவதற்குள் அவள் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முதற்பிள்ளைக்காரிகள் 624 பேரிடம் இந்த முறையைப் பரீட்சித்தும் பார்த்தார்கள்.

நான் திரும்பத் திரும்ப வாசித்த இடம் அந்த 4 மணித்தியாலம்தான். இரண்டு கோடுகளுக்கும் இடையில் ஏன் இடைவெளி இருக்கிறது என்று எங்களுக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. முதலாவது மஞ்சள் விளக்கு, இரண்டாவது சிவப்பு விளக்கு என்று மட்டும் மனனம் செய்துகொண்டோம். உண்மையில் அந்த வெற்றிடம் ஒரு பயணத்துக்காக ஒதுக்கப்பட்டது. கிளினிக் வாசலிலிருந்து சத்திரசிகிச்சை மேசை வரையுள்ள தூரத்தை நேரமாக மாற்றித் தாளிலே வரைந்துவைத்திருந்தார்கள்.

இதே வழியில் வந்த இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வயிற்றின் மேல் கைவைத்து, ஐந்தில் எத்தனை பங்கு இன்னும் மேலே தட்டுப்படுகிறது என்று கணிக்கிறோம். இந்த முறையை 1974இல் எழுதி நிலைநிறுத்தியவர் தென்னாபிரிக்காவின் டர்பனில் இருந்த கிரைற்றன். நோவு நீளும்போது குழந்தையின் தலை வீங்கி, மண்டையோட்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, உள்ளே பரிசோதிக்கும் விரலுக்குத் தலை இறங்கிவிட்டது போன்ற பொய்த் தோற்றத்தைத் தரும். வயிற்றின் மேல் வைத்த கை அப்படி ஏமாறாது. கருவியும் மின்சாரமும் தேவையில்லை. ஒரு கையின் ஐந்து விரல்களே அளவுகோல். என் கைவிரல்களை இவ்வளவு காலமும் வழிநடத்தியது டர்பன் என்று அறிந்தபோது, நன்றி சொல்ல ஆளில்லாமல் தவித்தேன்.

இனி அந்த நித்திரையில்லாத இரவின் காரணம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கொட்டியாரக் குடாவின் தென்கரையில் ஒரு சிறிய வைத்தியசாலையில் வேலை செய்தேன். அங்கே சத்திரசிகிச்சை வசதி இல்லை. திருகோணமலைப் பட்டினம் எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரியும். இரவில் துறைமுகத்து விளக்குகளை எண்ணலாம். ஆனால் மூதூரிலிருந்து பட்டினத்துக்குப் போக லோஞ்சில் ஏறிக் குடாவைக் கடக்க வேண்டும். தரைவழியாகப் போனாலோ மகாவலி கங்கையின் கிளைகளிலும் கிண்ணியாவிலும் பாதைகளுக்காகக் காத்துநின்று மாறி மாறி ஏற வேண்டும். வெளியூர் வாசகர்களுக்கு: மிதவையில் மனிதரையும் வாகனத்தையும் ஏற்றி ஆற்றைக் கடத்துவதை இங்கே பாதை என்போம். போர்க்காலமாகையால் இருட்டிய பின்னர் இரண்டு வழியும் அடைபட்டுவிடும்.

மார்கழி மாதம், வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. முதற்பிள்ளைக்காரி ஒருத்தியின் தாளில் நான் இட்ட குறி இரவு 11 மணிக்கு எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டியது. தலை ஐந்தில் மூன்று பங்கு மேலேயே நின்றது. நான் செய்யவேண்டியது என்னவென்று தாள் தெளிவாகச் சொன்னது, செய்வதற்குத்தான் வழியில்லை. "விடியுமட்டும் புள்ள தாங்குமா மிஸி?" என்று அவளுடைய உம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். தாங்கும் என்று சொன்னேன். அதிகாலை 3 மணிக்குக் குறி நடவடிக்கைக் கோட்டில் வந்து நின்றது. காலையில் கடல் அடித்துக்கொண்டிருக்கும்போதே லோஞ்சில் ஏற்றினோம். எதிர்க்கரையில் சிசேரியன் செய்தார்கள். தாய் பிழைத்தாள். குழந்தை அழவில்லை, மூன்றாம் நாள் இறந்துபோனது.

அந்தக் குழந்தைக்கு நானே காரணம் என்று பல ஆண்டுகள் உள்ளுக்குள் சுமந்திருக்கிறேன். ஹராரேக் கட்டுரைகளைப் பற்றி வாசித்தபோதுதான், அந்தத் தாளுக்கு இரண்டு பாதிகள் உண்டு என்பது புரிந்தது. கோட்டைக் கவனித்து முடிவெடுப்பது மருத்துவ மாதுவின் பாதி. அந்த முடிவுக்கு ஒரு வாகனத்தையும், திறந்த வழியையும், ஆயத்தமான சத்திரசிகிச்சைக் கூடத்தையும் தந்து பதில்சொல்வது மற்றவர்களின் பாதி. எங்களுக்கு முதற்பாதி மட்டுமே வந்து சேர்ந்திருந்தது.

பாதுகாப்பான தாய்மைக்கான உலக முன்முயற்சி 1987இல் நைரோபியில் தொடங்கப்பட்டதை அடுத்து, உலக சுகாதார ஸ்தாபனம் பார்ட்டோகிராமைப் பரப்பியது. இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளில் 35,484 தாய்மாரிடம் நடத்தி 1994இல் வெளியிட்ட அதன் பேராய்வில், நீண்ட பிரசவங்கள் 6.4 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதத்துக்கும், இறந்து பிறந்த குழந்தைகள் 0.5 சதவீதத்திலிருந்து 0.3 சதவீதத்துக்கும் குறைந்தன. ஹராரேயின் கோடு இந்து சமுத்திரத்தைக் கடந்து எங்கள் பக்கம் வந்துசேர்ந்த கதை சுருக்கமாக இவ்வளவுதான்.

ஆனால் கடந்து வந்த ஒரு கருவி அதே கூர்மையோடு இருக்கும் என்பதில்லை. பிறக்குமுன்னும் பிறந்தவுடனும் நிகழும் குழந்தை மரணங்களைத் தென்னாபிரிக்காவில் ஒவ்வொன்றாக ஆராய ஒரு பதிவுமுறை இருக்கிறது. தவிர்த்திருக்கக்கூடிய காரணங்களை அதிலே பட்டியலிடும்போது, பார்ட்டோகிராம் நிரப்பப்படவில்லை என்பதை ஒரு காரணமாகவும், நிரப்பியும் அது சொன்னதைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்பதை வேறொரு காரணமாகவும் பிரித்து எழுதுகிறார்கள். இவ்வளவு நேர்மையான பிரிவை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒரே இரவில் மூன்று தாய்மாரை ஒருத்தியாகப் பார்த்த நாட்களில், பிரசவம் முடிந்த பின்னர் உட்கார்ந்து நினைவிலிருந்து குறிகளை இட்டு அழகாகக் கோடு இணைத்த தாள்கள் என்னுடைய கையெழுத்திலும் உண்டு. மேற்பார்வைக்கு வந்தவர்கள் அவற்றைப் பாராட்டினார்கள். அந்தத் தாள்கள் எந்தத் தாய்க்கும் உதவவில்லை.

2018இல் உலக சுகாதார ஸ்தாபனம், மணித்தியாலத்துக்கு 1 சென்ரிமீற்றர் என்ற வேகம் பல பெண்களுக்குப் பொருந்தாது என்று அறிவித்தது. சுகமாகப் பெற்றெடுக்கும் பெண்களிலும் பலர் அதைவிட மெதுவாகவே திறக்கிறார்கள். 2020இல் வெளிவந்த புதிய பிரசவப் பராமரிப்புத் தாளில், கருப்பைவாய் வேகமாகத் திறக்கும் தீவிர நிலை 5 சென்ரிமீற்றரில் தொடங்குகிறது. எச்சரிக்கைக் கோடு அகற்றப்பட்டுவிட்டது. அந்தக் கோட்டைக் காட்டித் தேவையற்ற மருந்தேற்றலும் சிசேரியனும் நடந்திருக்கின்றன என்பதால் இந்த மாற்றம் சரியானது என்றே நானும் கருதுகிறேன். தாய்க்கு அருகில் துணையிருக்கிறாரா, அவள் தண்ணீர் குடித்தாளா என்று கேட்கும் கட்டங்கள் புதிய தாளில் இருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. ஆனாலும் கோட்டோடு சேர்த்து, "இங்கிருந்து அங்கே போக எவ்வளவு நேரம்" என்ற பில்பொட்டின் கேள்வியும் அழிந்துபோகக்கூடாது என்று அஞ்சுகிறேன். சத்திரசிகிச்சைக் கூடம் அடுத்த அறையில் இருக்கும் வைத்தியசாலைக்கு அந்தக் கேள்வி வேண்டியதில்லை. ஆபிரிக்காவின் தென்பகுதியிலும் எங்கள் கரையோரத்திலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. மற்றப் பாலங்களும் பின்னர் வந்தன. மூதூரிலிருந்து பட்டினத்துக்கு இப்போது இரவிலும் வாகனம் ஓடும். பயிற்சி பெறும் பிள்ளைகளுடன் பேசச் சிலவேளைகளில் என்னை அழைக்கிறார்கள். தாளின் தலைப்பில், தாயின் பெயருக்குக் கீழே, அடுத்த சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு எத்தனை நிமிடம் என்று முதலில் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். சென்ற முறை வெருகல் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பிள்ளை பேனையைக் கையில் வைத்துக்கொண்டு, "மழை காலத்துக் கணக்கா அம்மா, வெயில் காலத்துக் கணக்கா?" என்று கேட்டாள். இரண்டையும் எழுதச் சொன்னேன்.