டிஆர்எல் வெளிச்சமும் நிறமும்: கை வைப்பதற்கு முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனைத் தாண்டித் தோட்டப் பாதைக்குள் இறங்கினால் தெருவிளக்கு கிடையாது. விடியற்காலை ஐந்தரைக்கு வேலைக்குப் போகிறவர்கள் கப்சாய் என்னும் சின்ன மோட்டாரில் எதிரே வருவார்கள். அந்த நேரத்தில் காரின் முன்பம்பரில் இருக்கும் டிஆர்எல் (பகலில் காரை மற்றவர்களுக்குக் காட்ட எரியும் விளக்கு) பகலுக்கான அதே அளவு வெளிச்சத்தில் எரிந்தால், எதிரில் வருபவருக்குச் சாலை ஓரமும் தெரியாது, ஓரத்தில் இருக்கும் கால்வாயும் தெரியாது. டிஆர்எல் மாற்றும் வேலையில் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். பகலில் எவ்வளவு பளிச்சென்று எரிகிறது என்பதைவிட, இருட்டியதும் எவ்வளவு தணிகிறது என்பதே முக்கியம்.

கணக்கைப் பாருங்கள். ஐநா வாகன விதி 87-ன்படி ஒரு டிஆர்எல் நேர்முன்னே குறைந்தது 400 கேண்டெலா (ஒரு திசையில் போகும் வெளிச்சத்தின் அளவு) தர வேண்டும். எந்தத் திசையிலும் 1200-ஐத் தாண்டக் கூடாது. முன்பக்கச் சின்ன லைட்டுக்கு, அதாவது பார்க்கிங் லைட்டுக்கு, விதி 7 சொல்லும் அளவு 4 முதல் 140 வரை. அதனால்தான் கம்பெனியிலிருந்து வரும் காரில் ஹெட்லைட் போட்டதும் டிஆர்எல் அணைந்துவிடும், அல்லது சின்ன லைட் அளவுக்கு இறங்கிவிடும். கடையில் வாங்கிப் பொருத்திய டிஆர்எல் பல கார்களில் இறங்குவதே இல்லை. காரணம் பெரும்பாலும் விளக்கு அல்ல, மூன்றாவது வயர்.

டிஆர்எல் செட்டில் வழக்கமாக மூன்று வயர் வரும்: சாவி போட்டதும் கரண்ட் வரும் வயர், எர்த், மங்கலாக்கும் வயர். மூன்றாவதை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் டேப் சுற்றி விட்டுவிடுகிறார்கள். அது போக வேண்டிய இடம் சின்ன லைட்டின் பாசிட்டிவ் வயர். நிறத்தை நம்பாதீர்கள், ஒவ்வொரு செட்டும் ஒவ்வொரு நிறம். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கருப்பு முனையை பாடி எர்த்தில் தொட்டுக்கொண்டு, சின்ன லைட் அணைந்திருக்கும்போது 0, போட்டதும் 12-க்குப் பக்கத்தில் காட்டும் வயரைத் தேடுங்கள். ஹெட்லைட் போட்ட பிறகும் அதே 12 நிற்க வேண்டும். ஹெட்லைட் போட்டதும் போய்விட்டால் அது வேறு வயர். வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லி வரும் கார்களில் இந்த ஒரு இணைப்பே போதும் என்ற நிலை நிறைய உண்டு.

முதல் வயரைப் பேட்டரியில் நேராகச் சேர்க்கிற பழக்கமும் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது வோல்டேஜ் 13-க்கு மேல் ஏறுவதைக் கண்டு தானாக எரியும் கண்ட்ரோல் பெட்டிகள் அப்படித்தான் வேலை செய்கின்றன. புதிய கார்களில் ஆல்டர்னேட்டர் சார்ஜைத் தானே கூட்டிக் குறைப்பதால், ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்து அணைந்து எரியும். பியூஸ் பெட்டியில், சாவி எடுத்தால் செத்துப்போகும் ஒரு பியூஸின் இடத்தில் பியூஸ் டேப் (அங்கே செருகி இன்னொரு வயர் எடுக்கும் இணைப்பு) போட்டு எடுப்பதே சுத்தமான வேலை. ஒரு ஜோடி டிஆர்எல் சேர்ந்து 20 வாட் என்றால் 13.8 வோல்ட்டில் ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியர். 3 ஆம்பியர் பியூஸ் போதும், 10 போடாதீர்கள். பியூஸ் டேப்பைத் திருப்பிச் செருகினால் புது விளக்கின் கரண்டும் பழைய பியூஸ் வழியாகவே போகும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பழைய பியூஸை மட்டும் கழற்றுங்கள். டிஆர்எல் எரிந்துகொண்டே இருந்தால் சரி.

இனி, பகலிலேயே கண்ணை உறுத்தும் விளக்கைத் தணிப்பது. இங்கேதான் பலர் ரெசிஸ்டரை எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். அதற்கு முன் உள்ளே இருப்பது எந்த வகை என்று தெரிய வேண்டும். வோல்டேஜ் மாற்றக்கூடிய பவர் சப்ளையில் விளக்கை மாட்டி, 14-லிருந்து 11 வோல்ட் வரை மெல்ல இறக்குங்கள். கரண்டும் கூடவே இறங்கினால் உள்ளே வெறும் ரெசிஸ்டர்தான். கரண்ட் அசையாமல் நின்றாலோ, வோல்டேஜ் இறங்க இறங்கக் கொஞ்சம் ஏறினாலோ, உள்ளே டிரைவர் சர்க்யூட் இருக்கிறது. இரண்டாவது வகையில் வெளியே ரெசிஸ்டர் போட்டுப் பயனில்லை. டிரைவர் தன் கரண்டை விடாது. ஓர் எல்லைக்குக் கீழே போனதும் விளக்கு துடிக்கத் தொடங்கும். அதற்கு மங்கலாக்கும் வசதி உள்ள டிரைவரையே மாற்ற வேண்டும், அல்லது செட்டோடு வந்த மங்கலாக்கும் வயரைப் பயன்படுத்த வேண்டும்.

ரெசிஸ்டர் வகைக்கு ஒரு கணக்கு. வெள்ளை எல்இடி ஒன்று ஏறக்குறைய 3 வோல்ட் பிடிக்கும். மூன்று வரிசையாக இருந்தால் 9. இன்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட், விளக்கு இழுப்பது 0.4 ஆம்பியர் என்று மீட்டர் காட்டினால், மீதி 4.8 வோல்ட்டை 0.4-ஆல் வகுங்கள்: உள்ளே 12 ஓம். கரண்டைப் பாதியாக்க மொத்தம் 24 ஓம் வேண்டும், ஆக வெளியே இன்னொரு 12 ஓம். அதில் சூடாகப் போவது 0.2 × 0.2 × 12, அரை வாட்டுக்குச் சற்றுக் குறைவு. அரை வாட் ரெசிஸ்டர் போட்டால் வெந்துவிடும். பம்பருக்குள் காற்றோட்டம் இல்லை, நம் ஊர் வெயிலும் சேரும். 2 வாட் போடுங்கள்.

கரண்டைப் பாதியாக்கியும் 'பெரிதாகக் குறையவில்லையே' என்று தோன்றும். கண்ணின் இயல்பு அது. பாதி வெளிச்சம் கண்ணுக்குப் பாதியாகத் தெரியாது. பாதியாகத் தெரிய நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இறக்க வேண்டியிருக்கும். அதற்காக ரெசிஸ்டரை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். பகலில் 400 கேண்டெலாவுக்குக் கீழே போனால் டிஆர்எல் இருந்தும் இல்லாததற்குச் சமம். பகலுக்கு ஓர் அளவு, இரவுக்கு வேறொரு அளவு என்பதே சரி.

இரண்டு அளவுக்கும் பிடபிள்யூஎம் டிம்மர் நல்லது: கரண்டைக் குறைக்காமல், வேகமாக அணைத்து அணைத்து எரிய வைக்கும். நிறமும் அதிகம் மாறாது. ஆனால் மலிவான டிம்மர் மெதுவாகத் துடிக்கும். கண்ணை வேகமாக நகர்த்தினால் விளக்கு புள்ளிப் புள்ளியாகத் தெரியும். எவ்வளவு வேகமாகத் துடிக்கிறதோ அவ்வளவு நல்லது, வேகமானதையே வாங்குங்கள். எல்எம்2596 வகை வோல்டேஜ் குறைக்கும் போர்டும் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும், ரெசிஸ்டர் வகை விளக்குக்கு ஒத்துவரும். போர்டு திறந்தபடி இருப்பதால் பெட்டிக்குள் வைத்து, ஈரம் புகாமல் அடைத்து, டேஷ்போர்டுக்குக் கீழே வையுங்கள். போனட்டுக்குள் வேண்டாம்.

கம்பெனியே பொருத்திய டிஆர்எல் என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். பாடி கம்ப்யூட்டர் அந்த விளக்கின் கரண்டைக் கவனித்துக்கொண்டிருக்கும்; ரெசிஸ்டர் போட்டால் பல்ப் போய்விட்டது என்று டேஷ்போர்டில் எச்சரிக்கை காட்டும். சில ஐரோப்பியக் கார்களில் ஓபிடி (கார் கம்ப்யூட்டரோடு பேசும் சாக்கெட்) வழியாக டிஆர்எல் வெளிச்சத்தின் சதவீதத்தை மாற்றலாம். மாற்றும் முன் பழைய எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

21 வாட் பல்ப் போட்ட டிஆர்எல்லுக்கு எல்இடி மாற்றுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை வரும். அதை அடக்க 6 ஓம், 50 வாட் லோட் ரெசிஸ்டர் விற்கிறார்கள். 13.8 வோல்ட்டில் அது இழுப்பது 2.3 ஆம்பியர், சூடாக்குவது 30 வாட்டுக்கும் மேல். தொட்டால் கை பொசுங்கும். கேபிள் டையால் பம்பர் பிளாஸ்டிக்கில் கட்டி வைத்தால் பிளாஸ்டிக் உருகும். பாடி இரும்பில் போல்ட் போட்டே பிடிக்க வேண்டும், வயர் எதுவும் அதன்மேல் சாயக் கூடாது.

மங்கிய விளக்கைப் பிரகாசமாக்கச் சொல்கிறவர்களும் உண்டு. எல்இடிக்குக் கூடுதல் கரண்ட் கொடுப்பது தவறான வழி. சூடு ஏறும், வெளிச்சம் நாளுக்கு நாள் விழும், ஒரு நாள் வரிசையில் ஒன்று அணைந்தால் கூட இருக்கும் எல்லாம் அணையும். முதலில் கண்ணாடியைப் பாருங்கள். அந்தப் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளாகிப் போயிருந்தால் எத்தனை வாட் போட்டாலும் வெளியே வராது. தண்ணீர் விட்டுக்கொண்டே 1000, 2000, 3000 என்று மணல்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் செய்து, மேலே யுவி கோட்டிங் அடியுங்கள். மேல்பூச்சு உரிந்திருந்தால் மட்டும் 800-இல் தொடங்குங்கள். கோட்டிங் இல்லாமல் விட்டால் மஞ்சள் சீக்கிரமே திரும்பி வரும். அடுத்து, விளக்கு எரியும்போது அதன் இரு முனைகளிலும் வோல்டேஜை அளவெடுங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் எர்த்திலோ பாசிட்டிவ் வயரிலோ கோளாறு, முதலில் எர்த்தைப் பாருங்கள். எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்டைச் சுரண்டி, ரிங் டெர்மினல் போட்டு இறுக்குங்கள்.

நிறத்துக்கு வருவோம். டிஆர்எல்லுக்கு அனுமதிக்கப்பட்ட நிறம் வெள்ளை ஒன்றுதான். அதற்குள்ளேயே தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது: 4300 கெல்வின் இளஞ்சூடான வெள்ளை, 5500 முதல் 6000 வரை பகல் வெள்ளை, 6500 தாண்டினால் நீலம் தட்டும். 8000, 10000 என்று பெட்டியில் எழுதியிருந்தால் 'பவர் அதிகம்' என்று நினைக்காதீர்கள். கெல்வின் நிறத்தின் அளவு, வெளிச்சத்தின் அளவு அல்ல. வெள்ளை எல்இடி என்பது நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. கெல்வின் ஏற ஏற நீலம் கூடும். மழையிலும் காலைப் பனியிலும் நீல வெளிச்சம் கூசும்.

ஆரஞ்சு நிற டிஆர்எல் அழகாக இருக்கிறது என்று கேட்பவர்கள், சிக்னல் போடும்போது என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு துடித்தால் எதிரே வருபவருக்குத் திரும்புவது தெரியாது. வெள்ளையும் ஆரஞ்சும் மாறும் வகை என்றால், சிக்னல் துடிக்கும் நேரம் முழுவதும் அந்தப் பக்க வெள்ளை அணைந்திருக்க வேண்டும். துடிப்புக்கு இடையில் வெள்ளை எட்டிப் பார்த்தால் இணைப்பு தவறு. நீலமும் சிவப்பும் அவசர வண்டிகளின் நிறம். போனில் நிறம் மாற்றும் செட்டுகளைக் கேட்டு வந்தாலும் பொருத்தாமல் திருப்பி அனுப்புங்கள். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சோதனையில் மாட்டுவது ஒரு பக்கம். அவசர வண்டி என்று நினைத்து ஒருவர் வழிவிட்டு ஓரம் கட்டி விழுந்தால் என்ன சொல்வது?

எல்இடி சில்லையே மாற்றி நிறத்தைச் சரிசெய்வதானால் விளக்கைத் திறக்க வேண்டும். பியூட்டைல் பசை போட்ட விளக்கு, பல்பும் திருகாணியும் கழற்றிய பிறகு, 80 முதல் 90 டிகிரி அடுப்பில் பத்து நிமிடம் வைத்தால் இளகும். கல் போல இறுகும் பசை என்றால் திறக்காதீர்கள், கண்ணாடி உடையும். ஒரே அளவில் 3 வோல்ட் சில்லும் 6 வோல்ட் சில்லும் வருகின்றன, பார்த்து வாங்குங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே ரோலிலிருந்து எடுத்து மாற்றுங்கள்; ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் நிறம் ஒத்துப்போகாது. மூடும்போது பழைய பியூட்டைலைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள். காடி வாசம் வரும் சிலிகான் கூடவே கூடாது. அதன் ஆவி ரிஃப்ளெக்டர் பூச்சையும் சாலிடரையும் அரிக்கும். பின்னால் இருக்கும் காற்றுத் துளையை அடைக்காதீர்கள்.

வயர் சேர்க்கும் இடங்களில் கடித்துப் பிடிக்கும் நீல கிளிப் வேண்டாம். செம்மண் சேறும் மாலை மழையும் அதற்குள் புகுந்து செம்பு பச்சையாகும். பிறகு ஒரு பக்கம் மங்கும், இன்னொரு பக்கம் துடிக்கும். சாலிடர் வைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். வயர் விளக்குக்குள் நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேற வேண்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

வேலை முடிந்ததும் இருட்டிய பிறகு ஒருவரை மோட்டாரில் இருபது மீட்டர் தள்ளி எதிரே உட்கார வையுங்கள். சின்ன லைட், ஹெட்லைட், இரண்டு சிக்னல் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். கூசுகிறதா என்பதை அவர் சொல்லட்டும். பகலிலும் ஒரு முறை பாருங்கள். மலேசியாவில் 1992 முதல் மோட்டார்கள் பகலிலும் ஹெட்லைட் போட்டே ஓடுகின்றன. உங்கள் கார் பக்கத்தில் ஒரு மோட்டார் வரும்போது அதன் விளக்கு உங்கள் டிஆர்எல்லில் கரைந்துபோகக் கூடாது.

கடைசியாக, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவில் மீட்டரை வரிசையாகச் சேர்த்து, கார் கம்ப்யூட்டர்கள் தூங்க அரை மணி நேரம் விட்டு, கரண்டைப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் டிஆர்எல் பியூஸைக் கழற்றுங்கள். எண் இறங்கினால், சாவியோடு அணைய வேண்டிய வயர் எப்போதும் கரண்ட் இருக்கும் பியூஸில் சேர்ந்திருக்கிறது.