கப்பல் தேதியிலிருந்து பின்னோக்கி: ஒரு பனியன் ஆர்டரின் திட்டக் கணக்கு

"45 நாள்ல முடிச்சுக் குடுத்தர்லாங்க." திருப்பூரில் ஆர்டர் பேசும்போது தாராளமாக வந்து விழும் வார்த்தை. சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. கணக்குப் போடும் முன்பே வாய் வந்துவிடுகிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ரவுண்ட் நெக் டி-சர்ட், 12,000 பீஸ், ஒரே கலர், 30-ஆம் நம்பர் கோம்ப்டு (சீவிய) நூல், 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) சிங்கிள் ஜெர்சி துணி. கழிவுக்கு 3 சதவீதம் சேர்த்தால் வெட்ட வேண்டியது 12,360 பீஸ். கட்டிங் வேஸ்ட், கழுத்து ரிப் எல்லாம் சேர்த்து பீஸுக்கு 190 கிராம் என்று வைத்தால் 2,348 கிலோ ஃபினிஷ்டு துணி வேண்டும். டையிங்கில், அதாவது சாயமேற்றுவதில், எடையில் 7 சதவீதம் போகும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: 2,348-உடன் 7 சதவீதம் கூட்டி 2,512 கிலோ என்று எழுதுவார்கள். மிஞ்சுவது 93 சதவீதம் என்பதால் 0.93-ஆல் வகுக்க வேண்டும். 2,525 கிலோ வரும். வித்தியாசம் சின்னதுதான். ஆனால் கடைசியில் 60 பீஸுக்குத் துணி இருக்காது, அந்த 60 பீஸுக்காக டையிங்கில் தனி லாட் போட்டால் ஷேடு சேராது. நிட்டிங் கழிவு 1 சதவீதத்தையும் சேர்த்து 2,550 கிலோ நூல், 50 கிலோ மூட்டையில் 51.

இனி நாள் கணக்கு. இதை இன்றிலிருந்து முன்னோக்கி எழுதக் கூடாது. கப்பல் தேதியிலிருந்து பின்னோக்கி எழுத வேண்டும். சரக்கு 5 நாள் முன்பே தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். பயர் (ஆர்டர் கொடுத்தவர்) தரப்பு இன்ஸ்பெக்‌ஷன் 7 நாள் முன்பு. அன்றைக்கு எல்லாப் பீஸும் தைத்து முடித்து, 80 சதவீதமாவது பெட்டியில் இருக்க வேண்டும். 12,000 பீஸுக்கு ஏக்யூஎல் (ஏற்கக்கூடிய குறை அளவு) 2.5, வழக்கமான இரண்டாம் லெவல் என்றால் 315 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். 21 குறை வரை பாஸ், 22 என்றால் ஃபெயில். செக்கிங், அயர்னிங், பேக்கிங் பின்னாலேயே தொடர்ந்து வரும் என்பதால் கடைசிப் பீஸ் கப்பல் தேதிக்கு 10 நாள் முன்பு தையலிலிருந்து இறங்கினால் போதும்.

தையலில்தான் கற்பனை அதிகம் ஓடும். ஒரு லைனில் 15 டெய்லர், 480 நிமிஷம், பீஸுக்கு 7 நிமிஷம் என்றால் காகிதத்தில் 1,028 பீஸ். நடப்பில் 55 சதவீதம்தான், அதாவது 565. இரண்டு லைனுக்கு 1,130. அதுவும் முதல் நாளே வராது. புது ஸ்டைலில் கை பழகும்வரை முதல் நாள் 600, மறுநாள் 900 என்றுதான் இறங்கும். ஆக 12 வேலை நாள், இரண்டு ஞாயிறு சேர்த்து 14. தையல் தொடங்க வேண்டியது 24 நாள் முன்பு. ஒன்றரை ஷிப்ட் ஓட்டிச் சரிக்கட்டலாம் என்று திட்டத்திலேயே எழுதிவிட்டால், நிஜமாகத் தாமதம் வரும் நாளில் கையில் மிச்சம் எதுவும் இருக்காது.

கட்டிங் 3 நாள். அதற்கு முன் காம்பாக்டிங் (பிறகு சுருங்காதபடி துணியை அழுத்திப் பதப்படுத்துவது) முடிந்து வந்த துணியை ஒரு நாள் விரித்துப் போட்டு ஆற விட வேண்டும். அவசரத்தில் அப்படியே வெட்டினால் பீஸ் சுருங்கி மெஷர்மெண்ட் போய்விடும். டையிங்கும் காம்பாக்டிங்கும் 10 நாள். நிட்டிங், நாளுக்கு 180 கிலோ ஓடும் நாலு மெஷினில், செட்டிங் சேர்த்து 5 நாள். நூல் கைக்கு வர வேண்டியது அதற்கு ஒரு நாள் முன்பு, அதற்கான ஆர்டர் அதற்கும் 4 நாள் முன்பு. மொத்தம் 48 நாள். 45 நாள் என்று சொன்னவர் முதல் நாளே 3 நாள் கடனில் நிற்கிறார்.

இதில் சறுக்கலுக்கான இடம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு நாள் கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. அந்த இரண்டு நாள் இருப்பது தெரிந்தால் எல்லோரும் இரண்டு நாள் தாமதமாகத்தான் ஆரம்பிப்பார்கள். 7 நாளை மொத்தமாக ஒதுக்கி, டையிங் முடிந்தபின் 4, இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன் 3 என்று வைப்பதே என் பரிந்துரை. ஷேடு தப்பி ரீ-டையிங் போவதும், லேப் டிப் (சாய மாதிரித் துண்டு) அப்ரூவல் இழுப்பதும் டையிங் கட்டத்தில்தான் நடக்கும். லேபிள் வேறு தனிச் சிக்கல். பயர் சொன்ன இடத்திலிருந்து மெயின் லேபிள் வந்து சேரவில்லை என்றால் கழுத்துத் தையலோடு லைன் நின்றுவிடும்.

தீபாவளி, பொங்கல் குறுக்கே வந்தால் மேலே உள்ள கணக்கு செல்லாது. தென் மாவட்டத்து டெய்லர்கள் பண்டிகைக்கு முன்பே பஸ் ஏறிவிடுவார்கள். அடுத்த வாரம் லைன் முழுசாக நிரம்பாது. 10 நாளாவது கூட்டித்தான் தேதி கொடுக்க வேண்டும்.

பணத்தையும் இதே தாளில் எழுதுங்கள். நூலுக்கும் டையிங்குக்கும் பணம் முன்னால் போகும், சனிக்கிழமைச் சம்பளம் காத்திருக்காது, பயர் பணமோ கப்பல் போனபிறகு. நுண், சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருக்கும் ஜாப் ஒர்க்காரருக்கு (கூலிக்கு வேலை செய்து தருபவருக்கு) எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்கு மிகாமல், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தாண்டினால், வருமான வரிக் கணக்கில் அந்தத் தொகையைக் கொடுக்கும் வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும்.

எழுதிய தாளைச் சுவரில் ஒட்டினால் போதாது. திங்கள்தோறும் திட்டம், நடந்தது, மிச்சம் என்று மூன்று பத்தியில் நிரப்ப வேண்டும். தையலில் ஆறாவது வேலை நாள் மாலை 6,000 பீஸ் இறங்கியிருக்க வேண்டும். 4,500-க்குக் கீழே என்றால் அன்றைக்கே மூன்றாவது லைனைப் போடுங்கள், அல்லது வெட்டிய பீஸில் ஒரு பங்கை வெளி யூனிட்டுக்கு அனுப்புங்கள். பத்தாவது நாள்வரை பொறுத்துப் பார்த்தால் மிஞ்சுவது ஏர் ஷிப்மெண்ட் ஒன்றுதான். அந்தச் செலவு யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.