கறுப்பு வண்டியும் நாற்பத்தைந்து நொடியும்

பெயின்டைக் காக்க நானே பூசிய செராமிக் கோட்டிங் என்ற மெல்லிய பூச்சால் பானெட்டில் விழுந்த திட்டுகள் போய்விட்டன. இதை எழுத உட்கார்ந்ததற்கு அது ஒன்றுதான் காரணம். காலை வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். குனிந்து பார்த்தேன், பக்கவாட்டில் நின்று பார்த்தேன், இரவில் கைவிளக்கைச் சாய்த்து அடித்தும் பார்த்தேன். ஒரு திட்டும் இல்லை. மூன்று வாரமாக நான் அந்த பானெட்டைச் சுற்றி வந்ததைப் பார்த்த என் மனைவி, "கோவிலைச் சுற்றியிருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும்" என்றாள்.

வண்டி எட்டு வயதான கறுப்பு செடான். கறுப்பு வண்டி வைத்திருப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: வெள்ளை வண்டியில் யானை உரசினாலும் தெரியாது, கறுப்பில் எறும்பு நடந்தாலும் தெரியும்.

கழுவுவது, தார் எடுப்பது, ஒட்டிய துகளை எடுக்கக் களிமண் தேய்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை என்பதால் விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும். வீடு குரோம்பேட்டையில், ரயில் பாதையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. சக்கரமும் தண்டவாளமும் உரசிப் பறக்கும் இரும்புத் தூள் பெயின்டில் குத்தி நிற்கிறது. இரும்பு நீக்கியைத் தெளித்தால் அது ஊதாவாக மாறி வழிய வேண்டும். கறுப்பு வண்டியில் அந்த ஊதா கண்ணுக்குத் தெரியாது. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து இரண்டாம் முறை தெளித்துவிட்டுக் கீழே பார்த்தால், வெள்ளைத் தரை முழுக்க நாவல்பழம் மிதித்த மாதிரிக் கறை. காவலாளியிடம் வாங்கிய திட்டு தனிக் கதை.

பாலிஷ் போடும் முன் பெயின்டின் தடிமனை அளந்தேன். பானெட், டிக்கி எல்லாம் 105 முதல் 118 மைக்ரான் வரை. இடது பின்கதவில் வைத்தால் 240. "ஒரு இடத்தில்கூடப் பெயின்ட் தொடாத வண்டி சார்" என்று சத்தியம் செய்து விற்றவரை அப்போது நினைத்துக்கொண்டேன். போகட்டும். தடிமன் அதிகம் என்பதால் அந்தக் கதவை மட்டும் பயமில்லாமல் தேய்த்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதல் முயற்சி பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. போகிப் புகையின் கரி எல்லாம் கழுவிப் போன பிறகுதான் தொடங்கினேன். இடம், குடியிருப்பின் அடித்தள நிறுத்தம். கோட்டிங் பாட்டிலோடு வந்த தாளில், பூசிய பின் இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து துடைக்கவும் என்று போட்டிருந்தது. பானெட்டின் பாதியைப் பூசினேன், கடிகாரம் பார்த்தேன், இரண்டரை நிமிடத்தில் துடைத்தேன். மறுபாதியும் அப்படியே. துணி கொஞ்சம் பிடித்து இழுத்தது. அழுத்தித் துடைத்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் கிணற்று நீர் மாதிரி கறுப்பு. பெருமையோடு தூங்கப் போனேன்.

திங்கள் காலை வெயிலுக்கு எடுத்தபோது பானெட் முழுவதும் நத்தை ஊர்ந்த தடம். அங்கங்கே எண்ணெய்க் கையோடு தொட்டது போன்ற கருந்திட்டுகள். ஹை ஸ்பாட் என்கிறார்களே, அதுதான். துடைக்காமல் விட்ட மேடுகள் அப்படியே இறுகிவிட்டன. பூசிய ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பார்த்திருந்தால், அதே மருந்தை மேலே இன்னொரு முறை தடவி இளக்கி எடுத்திருக்கலாம். பன்னிரண்டு மணி நேரம் கழித்து பாலிஷர்தான் ஒரே வழி. அடுத்த சனிக்கிழமை முழுவதும் மெல்லிய பஞ்சுத் திண்டும் நுண்ணிய பாலிஷும் வைத்து, பூசியதை எல்லாம் வழித்தெடுத்தேன். ஒரு கோட்டிங்கின் தடிமன் ஏறக்குறைய ஒரு மைக்ரான். அந்த ஒரு மைக்ரானுக்காக ஒரு சனிக்கிழமை போயிற்று. எடுத்தாகிவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளித்தேன். முத்தாகத் திரளாமல் தகடாகப் படிந்து நின்றால் போய்விட்டது என்று அர்த்தம்.

தாளை மறுபடி எடுத்துப் படித்தேன். அடியில் எறும்பு எழுத்தில், அந்த இரண்டு மூன்று நிமிடம் 20 டிகிரி வெப்பத்துக்கும் 50 சதவீத ஈரப்பதத்துக்கும் என்று இருந்தது. என் அடித்தளத்தில் மாட்டியிருக்கும் மீட்டர் அன்று காட்டியது 28 டிகிரி, 78 சதவீதம். சென்னையில் 50 சதவீத ஈரப்பதத்துக்கு நான் எங்கே போவேன்?

பாட்டிலில் இருப்பது சிலிக்கா சார்ந்த பிசினும் அதைக் கரைத்து வைத்திருக்கும் திரவமும். பூசியதும் திரவம் ஆவியாகிறது, பிசின் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து இறுகுகிறது. சூடு கூடினால் முதல் வேலை வேகமாக நடக்கும், ஈரம் கூடினால் இரண்டாவது வேலை வேகமாக நடக்கும். நமக்கு இரண்டும் கூடுதல். ஈரக் காற்றில் எதுவும் காயாது என்று துணி உலர்த்திப் பழகிய மூளை இங்கே தப்பாகக் கணக்குப் போடுகிறது. எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

அதனால், பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய், சோதித்துப் பார்க்க நசுங்கிய ஒரு கறுப்பு ஃபெண்டரை, அதாவது முன்சக்கரத்துக்கு மேலே வரும் தகட்டை, வாங்கி வந்தேன். கடைக்காரர், "இது உங்கள் வண்டிக்குச் சேராதே" என்றார். எதற்கு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார். இரக்கப்பட்டிருக்க வேண்டும்.

அந்த ஃபெண்டரைப் பாலிஷ் செய்து, ஒட்டு நாடாவால் ஆறு கட்டம் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் பூசி 20, 45, 60, 90, 120, 180 நொடிகளில் துடைத்தேன். 20 நொடியில் துடைத்த கட்டத்தில் மருந்து ஈரமாகவே துணியோடு வந்துவிட்டது. மறுநாள் தண்ணீர் தெளித்தால் முத்துகள் சோம்பலாக, கோணல் மாணலாக நின்றன. 45 அருமை. துணி வெண்ணெய் மேல் போவதுபோலப் போயிற்று, முத்துகளும் உருண்டு திரண்டு நின்றன. 60 பரவாயில்லை, ஓரத்தில் மட்டும் லேசான பிடிப்பு. 90 நொடியில் துணி இழுத்தது. 120 நொடியில் கோடுகள். 180 நொடிக் கட்டத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன், வருபவர்களுக்குக் காட்ட. தாளை நம்பியவனின் கதி என்று சொல்லிக் காட்டுகிறேன்.

ஒரு நாள் சோதனை போதாது என்று தோன்றியதால், ஈரப்பதம் 66 காட்டிய ஒரு மதியத்தில் திரும்பச் செய்தேன். அன்று 75 நொடி வரை தாங்கியது. ஆக, எண்ணை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. அன்றன்றைக்குச் சின்னக் கட்டம் ஒன்றில் சோதித்துவிட்டுத் தொடங்க வேண்டும். வானவில் நிறம் தெரியும்போது துடை என்பார்கள். கறுப்பில் அந்த வானவில்லைப் பார்க்கவே விளக்கைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நான் நிறத்தை நம்புவதை விட்டுவிட்டுச் சுண்டுவிரல் நுனியை ஓரத்தில் வைத்துப் பார்க்கிறேன். வழுக்கினால் காத்திரு. பசை போல லேசாகப் பிடித்தால் அந்த நொடியே துடை. கையுறை போட்டுக்கொண்டும் அந்தப் பிடிப்பு தெரிகிறது.

துடைப்பதற்கு இரண்டு துணி. முதல் துணி அள்ளுவதற்கு, அழுத்தம் கூடாது. இரண்டாவது, குட்டை முடி உள்ள துணி, சமன் செய்வதற்கு. முதல் முயற்சியில் ஒரே துணியை மடித்து மடித்துப் பயன்படுத்தினேன். மருந்தை உறிஞ்சிய துணி அரை மணி நேரத்தில் அப்பளம் மாதிரி விறைத்துவிடுகிறது. அதை வைத்துத் துடைத்தால் நாமே கீறல் போட்டது போல. இந்த முறை இரண்டு பாகத்துக்கு ஒரு துணி என்று கணக்கு வைத்துப் பதினான்கு துணி காலி. கட்டத்தின் அளவையும் பாதி பானெட்டிலிருந்து ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடியாகச் சுருக்கினேன். கட்டத்தோடு கட்டம் சேரும் ஓரத்தில்தான் மேடு ஒளிந்துகொள்கிறது, அதனால் பக்கத்துக் கட்டத்துக்குள் நாலு விரல் தள்ளியே துடைக்க வேண்டும்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. டியூப்லைட் பொய் சொல்லும். மேலிருந்து சீராக விழும் வெளிச்சத்தில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். சின்னக் கைவிளக்கைப் பெயின்டோடு படுக்க வைத்த மாதிரிப் பிடித்து, எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தால்தான் வண்டவாளம் தெரிகிறது. ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு திசையிலிருந்து பார்த்த பிறகே அடுத்ததற்குப் போனேன்.

பிறகு கொசு. அடித்தளத்தில் மாலை ஐந்தரைக்கு மேல் கொசு. சுருள் கொளுத்தினால் புகை படியும், விசிறி போட்டால் தூசி பறக்கும், தைலம் தடவினால் கையில் எண்ணெய். முழுக்கைச் சட்டை, காலுறை, தலையில் துண்டு என்று வேலை செய்தேன். அப்படியும் ஒரு கொசு வலது முன்கதவில், துடைக்க ஐந்து நொடி இருக்கும்போது வந்து உட்கார்ந்தது. அதன் ஒற்றைக் கால் இன்னும் அங்கே இருக்கிறது. எங்கே என்று நான் காட்டினால்தான் தெரியும். ஆனால் எனக்குத் தெரியும்.

துணிகளும் திண்டுகளும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கியவை. அங்கே ஒரு கடையில், "9எச் சார், சாவியால் கீறினாலும் விழாது" என்று ஒரு கோட்டிங் பாட்டிலைக் கையில் திணித்தார்கள். 9எச் என்பது பென்சிலின் கடினத்தன்மை. 45 டிகிரி சாய்வில், 750 கிராம் எடையோடு பென்சிலைத் தள்ளிப் பார்க்கும் சோதனை. சாவி பென்சில் இல்லை. கல் தெறிப்பும் சாவிக் கீறலும்தான் பயம் என்றால், 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமனுள்ள, பெயின்டின் மேல் ஒட்டும் பிபிஎஃப் என்ற பிளாஸ்டிக் படலத்துக்குப் போக வேண்டும். ஒரு மைக்ரானிடம் கவசம் கேட்கக் கூடாது. கோட்டிங் போட்டால் அழுக்கு ஒட்டாமல் எளிதில் கழுவ வரும், ரசாயனத்தை ஓரளவு தாங்கும், நான் போட்ட பாலிஷின் பளபளப்பைக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கும். அவ்வளவுக்குத்தான் நான் பூசினேன்.

தண்ணீர் முத்தாக உருள்கிறது என்று படம் எடுத்துப் போடுபவர்கள், அந்த முத்து அங்கேயே காய்ந்தால் என்ன ஆகும் என்பதைப் படம் எடுப்பதில்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்த உப்பு 1,400 பிபிஎம் (லிட்டருக்கு 1,400 மில்லிகிராம்) என்று மீட்டர் காட்டுகிறது. ஒவ்வொரு முத்தும் காய்ந்து ஒரு சுண்ணாம்பு வளையத்தை விட்டுப் போகும். கோட்டிங் இதைத் தடுப்பதில்லை. இன்னொரு கொடுமை, குடியிருப்பில் பாதிப் பேர் ஆர்ஓ கழிவுநீரைச் சிக்கனமாகப் பிடித்து வைத்து அதில்தான் வண்டி கழுவுகிறார்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தானே இருக்கிறது! என் வழி ஏசித் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது, உப்பே கிடையாது. கிணற்றுத் தண்ணீரில் கழுவி, காயும் முன் கடைசியாக இதை ஊற்றி அலசிவிட வேண்டும். கோடையில் விடிவதற்குள் ஒரு வாளி சேரும். தை மாதத்தில் யார் ஏசி போடுகிறார்கள்? கோயம்புத்தூரில் என் மைத்துனர் சிறுவாணித் தண்ணீரைக் குழாயில் பிடித்து அப்படியே வண்டி கழுவுகிறார். கேட்டாலே வயிறு எரிகிறது. சித்திரையில் அவர் வீட்டுக்குப் போகும்போது அவருடைய புல்லட்டின் டேங்கைப் பூசித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அங்கே காற்றில் ஈரம் குறைவு, நொடிக் கணக்கை எல்லாம் முதலிலிருந்து பார்க்க வேண்டும். ஃபெண்டரையும் எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். மனைவி பதில் சொல்லவில்லை.

இப்போதைய நிலவரம். பானெட், நான்கு கதவு, டிக்கி, பக்கவாட்டு எல்லாம் முடிந்தன. பூசி ஒரு வாரம் தண்ணீர் படாமல் காத்தேன், கழுத்து வரை மூடிய குழந்தையைப் போல. மூன்றாம் நாளே வெளியில் பத்து நிமிடம் நிறுத்தியதில் காகம் ஒன்று பானெட்டின் நடுவில் எச்சமிட்டது. ஈரத் துணியை மேலே போட்டு ஊறவைத்து எடுத்தேன். மிக லேசான நிழல் ஒன்று சாய்வான வெளிச்சத்தில் தெரிகிறது. போகுமா என்று பார்க்கிறேன்.

கூரை மட்டும் பாக்கி. ஸ்டூல் போட்டு ஏறி, நடுப்பகுதிக்கு எட்டி, 45 நொடிக்குள் இறங்கி மறுபக்கம் போவது நடக்காது என்று அதைக் கடைசிக்குத் தள்ளியிருந்தேன். போன வாரமே பாலிஷ் செய்து, கீறல் இல்லாமல் தயாராக வைத்திருந்தேன்.

எங்கள் குடியிருப்பில் தினமும் விடியற்காலை எல்லா வண்டிகளையும் ஒரே துணியால், ஒரே வாளித் தண்ணீரில் துடைக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். வண்டியில் இருந்த சிலந்தி வலைக் கீறல்களில் பெரும்பங்கு அவர் வரைந்தது. மாதப் பணம் வழக்கம்போல வந்துவிடும், பூசிய இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள் அண்ணே என்று கெஞ்சிச் சொல்லியிருந்தேன். நேற்றுக் காலை கீழே போனால் அவரே எதிரில் வந்து, "சார், சொன்ன மாதிரி கதவு, பானெட் எதையும் தொடவில்லை" என்றார். நன்றி சொன்னேன். "பணம் வாங்கிவிட்டு வேலை செய்யாமல் இருக்க மனசு கேட்கவில்லை. அதனால் கூரையை மட்டும் தினமும் இரண்டு தடவை அழுத்தித் துடைத்துவிடுகிறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி பாலிஷர்.