குளிக்கலாம் என்கிற கட்டு: கட்டு அறைக் குறிப்புகள்

ஏப்ரல் 28

லீவு விட்டாச்சு. இனி மணிக்கட்டு உடைந்த பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். எக்ஸ்ரே பார்த்த கையோடு அம்மாக்கள் கேட்பது ஒன்றுதான்: "குளிக்க ஊத்தலாமா?"

மாவுக்கட்டு தண்ணீர் பட்டால் குழைந்துவிடும், பேச்சே இல்லை. பிசின் தடவிய கண்ணாடியிழைப் பட்டையால் போடும் ஃபைபர் கட்டு நனைந்தாலும் இளகாது. வில்லங்கம் அதற்கடியில் சுற்றியிருக்கும் பஞ்சில்தான். நனைந்த பஞ்சு நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைக்கும். தோல் ஊறி வெளுத்து, நாற்றமெடுத்து, புண்ணாகும். அந்தப் பஞ்சுக்குப் பதில் சுற்றுவதுதான் வாட்டர்புரூஃப் லைனர். இது தண்ணீரைத் தடுப்பதில்லை. உள்ளே வந்த தண்ணீரை உறிஞ்சாமல் வழியவிடும். மிச்ச ஈரம் உடல் சூட்டில் காயும். ஒரு வகை, இழுத்து விரித்த டெஃப்லானில் செய்தது. 1969இல் அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர் கண்டறிந்த பொருள், மழைக்கோட்டுத் துணியில் இருப்பதும் அதுவே. இன்னொரு வகை, நீர் ஒட்டாத செயற்கை நூலிழை.

மே 2

இந்த லைனர் கட்டை யாருக்குப் போடக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வீக்கம் வடியாத புது முறிவுக்கு வேண்டாம். கையை முழுதும் சுற்றாத அரைக்கட்டான ஸ்லாப் போட்டு அனுப்பி, ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து மாற்றலாம். எலும்பைப் பிடிக்கக் கம்பி குத்தியிருந்தால், தையல் இருந்தால், திறந்த காயம் இருந்தால் அறவே கூடாது.

மணிக்கட்டருகே எலும்பு லேசாகப் புடைத்திருக்கும் 'பக்கிள்' முறிவுக்கு முழுக்கட்டே தேவையில்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2016லேயே அப்படிச் சொல்லிவிட்டது. 2022இல் அங்கே வெளிவந்த ஃபோர்ஸ் ஆய்வில் இப்படி முறிந்த 965 பிள்ளைகள். சாதாரண பேண்டேஜ் கொடுக்கப்பட்டவர்களுக்கும் விறைப்பான பட்டையோ கட்டோ போட்டவர்களுக்கும் 3ஆம் நாள் வலி ஒன்றுபோலத்தான் இருந்தது. கழற்றி மாட்டும் பட்டையே போதும் என்கிற பிள்ளைக்கு விலை கூடிய லைனரை விற்பது நியாயமில்லை.

மே 6

எட்டு வயதுப் பிள்ளைக்கு முழங்கைக்குக் கீழான கட்டு: 2 அங்குல லைனர் ஒரு ரோல், 2 அங்குல ஃபைபர் ஒன்றோ இரண்டோ. கையைக் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே தொடங்க வேண்டும். விரல் கணுக்கள் மடங்கும்படி உள்ளங்கை ரேகையோடு நிறுத்தி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். இழுத்துச் சுற்றக்கூடாது. சுண்டுவிரல் பக்க மணிக்கட்டு மொட்டின்மேல் அதே லைனரில் இன்னும் இரண்டு அடுக்கு. கட்டைவிரல் இடுக்கில் மட்டும் நிதானம் வேண்டும்: லைனரைக் குறுக்கே பாதிவரை வெட்டி விரலைச் சுற்றிப் பரப்பினால் மடிப்பு விழாது. அங்கே விழும் ஒரு மடிப்பு, ஃபைபர் இறுகியதும் கயிறுபோலத் தோலை அறுக்கும்.

பழக்கதோஷத்தில் உள்ளே பருத்தி உறையை மாட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. விளிம்பில் மடித்துவிட்ட அந்தத் துணி திரியாக ஈரத்தை உள்ளிழுக்கும். லைனர் போட்டதே வீண். எலும்பு மேட்டுக்குத் துண்டுப் பஞ்சு வைப்பதும் அதே கதைதான்.

ஃபைபரைக் குளிர்ந்த தண்ணீரில் நனைக்க வேண்டும். வெந்நீர் என்றால் வடிவம் பிடிப்பதற்குள் இறுகிவிடும், சூடும் கூடும். கையுறை கட்டாயம், தோலில் ஒட்டிய பிசின் லேசில் போகாது.

மே 13

வீட்டுக்குச் சொல்லி அனுப்புபவை. குளித்ததும் கட்டுக்குள் நல்ல தண்ணீர் விட்டு சோப்பை அலச வேண்டும். தங்கிய சோப்புதான் பாதி அரிப்புக்குக் காரணம். பிறகு கையைத் தொங்கவிட்டு வடிய விடவும், அடுத்து விரல்களை மேலே தூக்கி மறுபக்கமும் வடிய விடவும். காய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். நீச்சல் குளம் சரி, வந்ததும் அலசினால். கடற்கரை, குளம், ஆறு வேண்டாம்: மணல் உள்ளே போனால் கட்டை மாற்றத்தான் வேண்டும். கால் கட்டில் தண்ணீர் குதிகாலில் தேங்கும். படுக்கவைத்துக் காலை உயர்த்தி முழங்கால் பக்கமாக வடிக்க வேண்டும்.

ஸ்கேல், ஊசி எதையும் உள்ளே விடக்கூடாது. டால்கம் பவுடரும் கூடாது, ஈரத்தில் கட்டிதட்டும். விரல் வீங்கினால், நீலம் பாரித்தால், மரத்தால், விரலை நீட்டிவிடும்போது பிள்ளை வலியில் துடித்தால், காலைவரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மே 27

பிரிக்கும் நாள். பஞ்சைவிட லைனர் மெல்லியது, கட்டை அறுக்கும் கட்டரின் சூட்டை அவ்வளவாகத் தாங்காது. ஃபைபரை அறுக்கையில் பிளேடு மாவுக்கட்டைவிட அதிகமாகச் சூடேறும். ஆகவே வெட்டுக்கோட்டின் கீழ் பாதுகாப்புப் பட்டை கட்டாயம். பிளேடை அழுத்தி எடுத்து அழுத்தி எடுத்து வெட்ட வேண்டும், இழுத்துக்கொண்டு போகக்கூடாது. நடுவே நிறுத்தி விரலால் சூடு பார்க்க வேண்டும். பிள்ளை "சுடுது" என்றால் அது பயம் என்று தள்ளிவிடக்கூடாது.